மலிவாகக் கிடைத்த வண்டி

வண்டியை விற்ற முகம்மது கனி என்னிடம் எதையும் மறைக்கவில்லை. பாலக்கரையில் பழைய வண்டிகளை வாங்கிப் பழுது பார்த்து விற்பவர் அவர். கொட்டகையின் கோடியில் நின்ற சாம்பல் நிற வேன் ஒன்றின் பின்கதவைத் திறந்து காட்டிவிட்டு, தான் மட்டும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"படிச்சவங்க, அதனால சொல்லிடறேன். இது ஆஸ்பத்திரியிலேருந்து பொணம் ஏத்திட்டுப் போன வண்டி. எஞ்சின் நல்லா இருக்கு. இருந்தும் இந்த வெலைன்னா அதுக்குத்தான். நாலு மாசம் கழிச்சு வந்து கனி ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது."

தெரியும் என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை.

பதினெட்டு மாதங்களுக்கு முன் என் மனைவி வெள்ளையம்மாளை இந்த வண்டியில்தான் புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓயாமரி சுடுகாட்டுக்குக் கொண்டு போனேன். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், உடலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். தொட்டியத்திலிருந்து அவளுடைய மனிதர்கள் வர வேண்டியிருந்தது. காவிரிக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி நேரம். ஆஸ்பத்திரியில் இன்னோர் உடல் காத்திருக்கிறது என்று டிரைவர் மூன்றாம் முறை வந்து சொன்னபோது, அவளைக் கரையில் இறக்கி வைத்துக்கொண்டு வண்டியை அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் தொட்டியத்துக்காரர்கள் வந்தார்கள்.

கனி சொன்ன விலை, அதுவரை நான் விசாரித்த வண்டிகளின் விலையில் பாதிகூட இல்லை. வாங்கிக்கொண்டேன்.

வண்டியிலேயே தங்கிச் சமைத்துத் தூங்கி ஊர் ஊராகப் போவது என்ற எண்ணம் எனக்குக் கல்லூரியில் படிக்கும்போது வந்தது. நூலகத்தில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை. ஏரிக்கரையில் ஒரு வண்டி, அதற்குள் கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. வாசலில் ஒரு குடும்பம் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் வெள்ளையம்மாளிடம் அதைச் சொன்னேன்.

"சர்க்கஸ்காரங்க மாதிரியா?" என்றாள். சற்று நேரம் கழித்து, "எப்பப் போறோம்?" என்றாள்.

எனக்கு நெடுஞ்சாலைத் துறையில் கிளார்க் வேலை. அந்தச் சம்பளத்துக்கு ஏற்றபடி தேடினோம். பட்டாளத்தில் கழித்துக் கட்டிய கூடாரம் ஒன்று மலிவாக வந்தது. அவள் அதற்குள் போய் நின்று மேலே பார்த்துவிட்டு, வானம் தெரிகிறதே என்றாள். நொடித்துப் போன கம்பெனியின் பஸ் கூடு ஒன்று கிடைத்தது. அதை இழுக்க வண்டி வேண்டும். கூண்டு வண்டியும் மாடும் வாங்கலாம் என்றேன். ஆபீசுக்குப் போகிற நாளெல்லாம் மாட்டுக்கு யார் புல் அறுப்பது என்று கேட்டாள். வண்டி அமையவில்லை. ஆனாலும் இடங்களைப் பார்த்து வைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போனோம். சாலை வரைபடங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஆகையால் எங்கே வாய்க்கால், எங்கே தோப்பு என்று எனக்குத் தெரியும். அவள் இடத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். முந்தானையை விரித்துத் தரையில் படுத்துக் கண்ணை மூடுவாள். ஐந்து நிமிடம். பிறகுதான் தீர்ப்பு. கொள்ளிடத்து மணல், ஈரம் முதுகில் ஏறுகிறது. முக்கொம்பு, ஆட்கள் அதிகம். வயலூர் வாய்க்கால் கரையில் எறும்பு. சிறுமியாக இருந்தபோது அக்காவோடு ஒரு முறை புளியஞ்சோலைக்குப் போயிருக்கிறாள். வண்டி வந்தால் முதலில் அங்கேதான் என்றாள்.

அந்த ஐப்பசியில் டைபாய்டு வந்தது. பதினேழாம் நாள் இறந்தாள்.

எங்கள் மகள் செல்லக்கிளிக்கு அப்போது மூன்றரை வயது. வெள்ளையம்மாளின் அக்கா இருசம்மாள் குழந்தையைத் தொட்டியத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பதினோரு வருடமாகப் பிள்ளை இல்லாதவள். ஆண் பிள்ளை நீங்க ஒத்தையா என்ன செய்வீங்க தம்பி, ஆறு மாசம் போகட்டும் என்றாள். ஆறு மாதம் போனது. மாரியம்மன் திருவிழா போகட்டும் என்றாள். பிறகு, மழை விடட்டும். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து வந்தேன். குழந்தை என்னைச் 'சீரங்கத்து அப்பா' என்று அழைக்கத் தொடங்கியிருந்தாள். ஊர்ப் பேரை முன்னால் வைத்து மாமா, சித்தப்பா என்று அழைப்பார்கள். அப்பாவுக்கும் அப்படி ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியாது.

எனக்குக் குழந்தை திரும்ப வேண்டும். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சோறு வேண்டும் என்றுகூடத் தோன்றாத நாட்கள் அவை.

வண்டியை வெளியில் பச்சையும் உள்ளே வெள்ளையுமாகப் பூசினேன். தச்சரை அழைத்து இரண்டு கட்டில், ஓர் அலமாரி, மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு தட்டு அடிக்கச் சொன்னேன். உள்ளே ஏற்கெனவே நீளப் பலகை ஒன்று இருந்தது. பழைய தேக்கு. கழற்றி எறிந்துவிடலாமா என்றார் தச்சர். வேண்டாம், கால் வைத்துக் கட்டிலாக்கிவிடுங்கள் என்றேன். எதிர்ப்பக்கத்துக்குப் புதுப் பலகை வாங்கினேன். தேக்கில் ஒரு முறை படுத்துப் பார்த்தேன். எனக்கு நீளம் போதவில்லை.

சித்திரையில் வண்டியைத் தொட்டியத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். குழந்தையை நான்கு நாள் புளியஞ்சோலை வரை கூட்டிப்போய் வருகிறேன், பழகிவிட்டால் பள்ளி திறக்கும்போது என்னோடு அனுப்புங்கள் என்று கேட்பது என் திட்டம்.

இருசம்மாளின் கணவர் காத்தமுத்து வாழைக்காய் வியாபாரி. எனக்குச் சகலை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார்.

"அன்னைக்கு வெள்ளையம்மாவ ஆஸ்பத்திரிக்கு ஜட்காவுல கூட்டிட்டுப் போனீங்க. இன்னைக்கு வேன் வாங்கிட்டீங்க. கெட்டிக்காரர்தான் சகலை நீங்க."

ஜட்காவில் போனது உண்மை. குதிரை காவிரிப் பாலத்தின் மேல் நின்றுவிட்டதும் உண்மை.

அவருக்கு உடனே ஒரு யோசனை வந்தது. வைகாசியில் அவருடைய தங்கைக்குக் கல்யாணம். முசிறியிலிருந்து உப்பிலியபுரம் வரை வழியெல்லாம் உறவு. பத்திரிகை வைக்க வேண்டும். எப்படியும் சகலை அந்தப் பக்கம்தானே போகிறார். நாங்களும் வருகிறோம், உங்களுக்கும் துணை, குழந்தையும் அழாது என்றார். டீசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருசம்மாள் என்னைத் தனியே பார்த்து, பிள்ளையை ஒத்தையாக அனுப்ப மாட்டேன், நான் வந்தால்தான் அதுவும் வரும் என்றாள். ஒத்துக்கொண்டேன்.

ஒரு தாம்பாளம், மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு, பழம், வெற்றிலை எல்லாம் வண்டியின் பின்னால் ஏறின. அவர்கள் இருவரும் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பின்னால் ஆட்டம் அதிகம், வாந்தி வரும் என்றாள் இருசம்மாள். செல்லக்கிளிக்குப் பின்னால்தான் பிடித்தது. தனக்கென்று ஒரு சின்ன வீடு. தேக்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, முன்பக்கம் பார்க்கும் சிறு கண்ணாடிச் சன்னலில் மூக்கை அழுத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் ஊரிலேயே ஒரு விஷயம் தெளிவானது. நான் இறங்கப் போனேன். காத்தமுத்து என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"நீங்க வண்டியிலயே இருங்க. ஜோடியா நிக்கிறவங்கதான் தாம்பாளம் நீட்டணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. முறை அதுதான். நான்கு நாளில் முப்பது வீடுகளுக்குமேல் போயிருப்போம். ஒரு வாசலிலும் நான் ஏறவில்லை. அவர்கள் உள்ளே போய்த் தாம்பாளத்தை நீட்டி, காப்பி குடித்து வரும் வரை வண்டியிலேயே இருந்தேன். குழந்தையும் என்னோடு இருந்தாள். அந்த அரைமணி நேரங்களில்தான் அவள் எனக்குப் பழகினாள். கூழாங்கற்களைப் பலகையில் அடுக்கிக் கடை வைப்பாள். நான் வாங்க வேண்டும். விலை அதிகம் என்றால் கோபம் வரும்.

பல வீடுகளில் பேச்சு வெளியே கேட்கும். கல்யாணம் எல்லாம் நல்லபடி நடக்கட்டும், இருசு, உனக்குத்தான் இன்னும் ஒண்ணும் காணோமே என்று ஒரு பெண் குரல் கேட்கும். காத்தமுத்து சிரிப்பார். ஒரு வீட்டில் அவரே சொன்னார். எங்கம்மா வேற கல்யாணத்துக்கு நாள் பாக்கறாங்க, எனக்குத்தான். எல்லாரும் சிரித்தார்கள். வெளியே வந்தபோது இருசம்மாளும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். வண்டியில் ஏறியதும் செல்லக்கிளியைச் சன்னல் வழியாகப் பார்த்துக் கையை ஆட்டினாள். குழந்தை பதிலுக்குக் கையை ஆட்டும் வரை விடவில்லை.

இரவில் அவர்கள் அந்தந்த ஊரில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். குழந்தை வண்டியில்தான் தூங்குவேன் என்று அடம் பிடித்தாள். வீட்டுக்குள் புழுக்கம், கொசு. இருசம்மாளுக்கு மனமில்லை. காத்தமுத்து, விடுடி, அப்பன்தானே என்றார். முதல் நாள் முசிறியில் ஆற்றோரத் தென்னந்தோப்பு. இரண்டாம் நாள் தாத்தையங்கார்பேட்டைக்கு வெளியே ஒரு கிணற்றடி. மூன்றாம் நாள் துறையூர்ப் பெரிய ஏரிக்கரை. மூன்றுமே நல்ல இடங்கள். தண்ணீர் பக்கத்தில், தரை இறுகியிருந்தது, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடு. ஏரிக்கரையில் விடிந்தபோது பார்த்தேன். செல்லக்கிளி தேக்குப் பலகையில் குப்புறப் படுத்து, ஒரு கை தொங்க, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கொக்குகள் வந்திருந்தன. அவளை எழுப்பிக் காட்டினேன். என் மடியில் உட்கார்ந்து பார்த்தாள். "அப்பா, அது எதுக்கு ஒத்தக் கால்ல நிக்குது?" என்றாள். அப்பா என்றுதான் சொன்னாள். ஊர்ப் பேரைச் சேர்க்கவில்லை.

இன்று கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

துறையூரை விட்டுக் கிளம்பி இரண்டு மைல் போவதற்குள் காத்தமுத்து தானாகவே பேச்சை எடுத்தார். பல்லில் குத்திக்கொண்டே சொன்னார்.

"பாப்பாவுக்கு ஸ்கூல்ல பேரு எழுதியாச்சு சகலை. ஹெட்மாஸ்டர் நமக்கு வேண்டியவரு. அப்பா பேரு கேட்டாரு. ஒங்க பேரைப் போட்டா ஒவ்வொரு கையெழுத்துக்கும் சீரங்கத்துக்கு ஆள் அனுப்பணும். அதனால எம் பேரையே போட்டுட்டேன்."

இருசம்மாள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்கிட்டக் கேக்கலியே" என்றேன்.

"கேட்டா மட்டும்? நீங்க என்ன, இட்டிலி சுட்டுக் குடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறீங்களா? நாளைக்கே இன்னொருத்தியக் கட்டுவீங்க. வர்றவ சூடு போடுவா. இங்க ராணி மாதிரி இருக்கும்."

சரி என்றேன். சாலையில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. ஒதுங்கிப் போனேன்.

உப்பிலியபுரத்துக்கு முன்னால் ஒரு சிற்றூர். இந்தப் பக்கத்துக்குக் கடைசிப் பத்திரிகை அங்கேதான். வழக்கம்போல அவர்கள் உள்ளே போனார்கள். நான் பின்கதவைத் திறந்து போட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு பெண் இரண்டு தம்ளர் மோரோடு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரனின் தாய், பெயர் இருளாயி. பத்திரிகை வைக்கும் இடத்தில் தான் நிற்கக் கூடாது என்று பின்வழியாக வந்துவிட்டதாகச் சொன்னாள். நீங்களும் உள்ளே போகலியே தம்பி என்று கேட்டுவிட்டு, பதிலை என் முகத்திலேயே பார்த்துக்கொண்டாள்.

குழந்தைக்கு மோரைக் கொடுக்க உள்ளே எட்டியவள் அப்படியே நின்றாள். கதவின் உட்புறத்தில் ஓர் இரும்பு வளையம், சற்றுக் கோணியிருக்கும். அதில் துண்டைத் தொங்கவிட்டிருந்தேன். அவள் துண்டை விலக்கி வளையத்தைப் பிடித்தாள். பிடித்த பிடியில் சரியாக அவள் கை அமர்ந்தது.

"இந்த வண்டிதான்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "எங்க வீட்டுக்காரர இதுலதான் திருச்சியிலேருந்து கொண்டாந்தோம். வழி பூரா இந்த வளையத்தப் புடிச்சிட்டே வந்தேன். கை தோலு உரிஞ்சு போச்சு."

அவள் குழந்தையைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"

"தெரியும். என் சம்சாரமும் இதுலதான் போனா."

உள்ளே தாம்பாளம் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் துண்டை எடுத்துப் பழையபடி வளையத்தில் போட்டாள், வளையம் தெரியாதபடி.

"நல்ல காரியத்துக்குப் போறாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்களும் தொறக்காதீங்க தம்பி. பிள்ளை இருக்கு."

மோர்த் தம்ளர்களை வாங்கிக்கொண்டு வந்த வழியே போனாள். காத்தமுத்துவும் இருசம்மாளும் முன்வாசல் வழியாகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. கடைசி வரை தெரியாமலே போயிருக்கலாம்.

பகல் பதினொரு மணிக்குப் புளியஞ்சோலை. கொல்லிமலையின் அடிவாரம். பாறைகளுக்கு நடுவே ஓடை, மேலே அடர்ந்த நிழல். வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. வண்டியை ஓடையிலிருந்து இருபதடி தள்ளி நிறுத்தினேன். இருசம்மாள் சோறு வடித்தாள். கத்தரிக்காய்க் குழம்பு. எல்லோரும் சாப்பிட்டோம். செல்லக்கிளி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வண்டிக்குள் போய்க் கடை வைத்தாள். இருசம்மாள் ஓடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். காத்தமுத்து பாறையில் சாய்ந்து வெற்றிலை போட்டார்.

"சகலை, வண்டி நல்லாத்தான் இருக்கு. பொண்ணழைப்புக்கு இதையே வச்சுக்குவோம். பூ சுத்தி, சீரியல் லைட்டுப் போட்டா ஜம்முனு இருக்கும்."

"அது சரிப்படாதுண்ணே" என்றேன். "இது பொணம் ஏத்தின வண்டி."

அவர் சிரித்தார். சகலைக்குக்கூட விளையாட்டு வருதே என்று மனைவியிடம் சொன்னார். நான் எழுந்து போய்த் துண்டை எடுத்தேன். வண்டியை யாரிடம் வாங்கினேன், அதற்கு முன் அது என்ன செய்தது என்று சொன்னேன். சற்று முன் மோர் கொடுத்த பெண்ணின் புருஷன் இதில்தான் ஊர் வந்து சேர்ந்தார் என்றேன். வெள்ளையம்மாளை ஓயாமரிக்குக் கொண்டு போனதும் இதில்தான் என்றேன்.

குழந்தை காது கேட்கும் தூரத்தில் இருந்தாள். அது எனக்குத் தெரியும்.

இருசம்மாள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். கையெல்லாம் சாம்பல்.

"எங்க?" என்றாள். "எங்க படுத்திருந்தா?"

பலகையைக் காட்டினேன். செல்லக்கிளி அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். அடுக்கிய கற்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, காலியான இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"எங்கம்மா இதுலயா தூங்குச்சு?"

இருசம்மாளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. குழந்தையைத் தூக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள். காத்தமுத்து பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். வெற்றிலையைத் துப்பியிருந்தார். முகம் மாறியிருந்தது.

"தொடாத."

"புள்ளைங்க அது."

"மூணு ராத்திரி அது மேல படுத்திருக்குடி. நாளன்னிக்குப் பந்தக்கால் நடப்போறோம். பந்தக்கால் நட்ட வீட்டுக்குள்ள இத எப்படிக் கூட்டிட்டுப் போவ? சாவு வீட்டுக்கே போகக் கூடாதுங்கறப்ப, சாவையே இடுப்புல தூக்கிட்டு வர்றியா?"

குளிப்பாட்டினால் போகாதா என்றாள் அவள். ஓடையில் முக்கி எடுத்து, துணியை எறிந்துவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிடுகிறேன் என்றாள். நாமும்தானே இந்த வண்டியில் வந்தோம் என்றாள். அவர், நாம முன்னாடி உக்காந்தோம், அது எஞ்சின் பக்கம் என்றார். அப்படி ஒரு வித்தியாசம் உண்டா என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இல்லை. அவள் மறுபடியும் குழந்தையின் பக்கம் திரும்பினாள். அவர் கையை விட்டுவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"தூக்கிக்க. தூக்கிட்டு எங்கேயாவது போயிரு. எங்கம்மா ஒன்ன என்ன சொல்லிட்டிருக்காங்கன்னு ஒனக்கே தெரியும். நாளைக்குத் தங்கச்சி கல்யாணத்துல ஒரு வெளக்கு அணைஞ்சாலும் ஒன் தலையிலதான் விடியும். அதுக்கப்புறம் அந்த வீட்ல ஒனக்கு எடம் இருக்காது. நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

இருசம்மாள் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபத்தில் பொய் சொன்னேன், பள்ளிக்கூட விஷயத்துக்காகப் பழி வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத் தயாராக இருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் குழந்தையைக் கைவிடும்படி காத்தமுத்து செய்வார் என்பது தெரிந்துதான் பேச ஆரம்பித்தேன்.

அவள் நீட்டியிருந்த கைகளைக் கீழே இறக்கினாள்.

இருவரும் கட்டிய துணியோடு ஓடையில் இறங்கித் தலை முழுகினார்கள். மீதிப் பத்திரிகைகள் வண்டிக்குள் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். கெடக்கட்டும், வேற அடிச்சுக்கலாம் என்றார் அவர். குடுத்ததெல்லாம் என்னங்க பண்றது என்று கேட்டாள். வாயை மூடு என்றார். சொட்டச் சொட்ட பஸ் வரும் சாலையைப் பார்த்து நடந்தார்கள். தாம்பாளத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

செல்லக்கிளிக்கு முதலில் புரியவில்லை. ஏதோ விளையாட்டு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மரங்களுக்கு நடுவே போனதும் கீழே குதித்து ஓடினாள்.

"பெரியம்மா, நான் செருப்பப் போடல. இருங்க."

நானும் பின்னால் போனேன். அவசரப்படவில்லை. இருசம்மாள் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். குழந்தை நெருங்கிவிட்டாள். பெரியம்மாவின் ஈரச் சேலையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். இருசம்மாள் விலகிப் பாதையோரத்துக்குப் போனாள். குழந்தையும் போனாள். போ, அப்பாகிட்டப் போ என்றாள். குழந்தை போகவில்லை. அப்போது இருசம்மாள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். பின்னால் வரும் நாயை விரட்ட ஓங்குவார்களே, அப்படிக் கையை ஓங்கினாள். எறியவில்லை. முகம் கோணி, கண்ணும் மூக்கும் ஒழுக, கையை ஓங்கியபடியே பின்னால் நடந்தாள். செல்லக்கிளி நின்றுவிட்டாள்.

அந்தப் பதினெட்டு மாதமும் அவளைக் குளிப்பாட்டிச் சோறூட்டித் தூங்க வைத்த கை அது. அதை இப்போது எழுதும்போது சொல்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குழந்தை எனக்குக் கிடைத்துவிட்டாள் என்றுகூடத் தோன்றவில்லை.

தூக்கிக்கொண்டு வந்தேன். தோளில் கடித்தாள். முன்சீட்டில் உட்கார வைத்தால் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தாள். ஆகவே பின்னால் விட்டுக் கதவை வெளியிலிருந்து தாழிட்டேன். அடுப்பை அணைத்துப் பாத்திரங்களைப் பொறுக்கி வைத்தேன். இரவு அங்கேயே தங்குவதாகத்தான் இருந்தது. தங்கவில்லை.

ஒரே சாலை. உப்பிலியபுரம் தாண்டியதும் அவர்கள் ஏறிய பஸ்ஸை எட்டிவிட்டேன். ஆள் ஏற்ற நின்றிருந்தது. நான் சற்று முன்னாலேயே நிறுத்தி, அது போன பிறகு கிளம்பியிருக்கலாம். செய்யவில்லை. பக்கத்தில் ஒட்டித்தான் போக வேண்டியிருந்தது, சாலை குறுகல். ஜன்னலோரத்தில் இருசம்மாள் தெரிந்தாள். ஈரத் தலை. பச்சை வண்டியைப் பார்த்ததும் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து செல்லக்கிளியும் அவளைப் பார்த்திருக்க வேண்டும். என் தலைக்குப் பின்னால் சிறு கண்ணாடிச் சன்னலைத் தட்டத் தொடங்கினாள். கத்தவில்லை. உள்ளங்கையால் தட்டினாள், ஒரே சீராக. துறையூர் வரை தட்டினாள். ஏரிக்கரையைத் தாண்டும்போதும் தட்டினாள். முசிறிக்கு நான்கு மைல் என்று கல் வந்த இடத்தில் சத்தம் நின்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கை வலித்திருக்கும்.